வேலை கிடைக்காவிட்டால் யாருக்கு நட்டம்?

இன்னொரு தொழில் – 9

சென்ற வாரம் விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருந்தேன். 1885-இல் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை தொடங்கியதும், வயல் வேலை மட்டுமே தெரிந்த கைகள் நூல் நூற்கப் பழகிய கதை அது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் ஆலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாளையங்கோட்டையில் தனியார் பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியை, வளைகுடாவிலிருந்து மேலப்பாளையத்துக்குத் திரும்பி வந்தவர், மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வள்ளியூரில் பைனான்ஸ் வசூலுக்குப் போகிறவர், வருடக்கணக்காக வங்கித் தேர்வு எழுதிச் சலித்தவர். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். கம்ப்யூட்டர் வேலைக்கு மாறலாம் என்று நினைக்கிறேன், ஆறு மாதத்தில் சொல்லித்தருகிறோம் என்று ஒரு பூட்கேம்ப் கூப்பிடுகிறது, சேரலாமா?

பூட்கேம்ப் என்றால் இப்போது விளக்கத் தேவையில்லை. கைப்பேசியைத் திறந்தால் அதன் விளம்பரம்தான். மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று விதவிதமாக இருக்கிறது. பட்டம் எதுவானாலும் சரி, முன் அனுபவம் வேண்டாம், முடித்ததும் வேலை என்பார்கள். 2011, 2012 வாக்கில் சிகாகோவிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் தொடங்கிய முறை இது. அங்கே நாலைந்து வருடம் கொடிகட்டிப் பறந்தது. பிறகு நம் ஊர்களுக்கு வந்தது.

பைத்தானா, ஜாவாவா, டேட்டா சயின்ஸா, டெஸ்டிங்கா என்று கேட்டும் பலர் எழுதியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் படித்து முடித்து, வேலை கிடைக்கவில்லை என்றால் யாருடைய பணம் போகும்? இதற்குக் கிடைக்கும் பதிலிலேயே அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன். உதாரணம் நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது.

தென்காசியிலிருந்து கடையம் போகிற பக்கம் மத்தளம்பாறை. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது என்பதால் அதுவும் நம் ஆற்றுப் படுகைதான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊரும்கூட. ஸோகோ நிறுவனம் 2011 வாக்கில் தென்காசியில் சிறியதாக ஓர் அலுவலகம் தொடங்கி, பிறகு மத்தளம்பாறையில் வளர்ந்தது. உலகம் முழுக்க நிறுவனங்கள் வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கப் பயன்படுத்தும் ஸோகோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கே உருவானது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவை விட்டு இங்கேயே குடிவந்தார். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. நான் சொல்ல வருவது அதே நிறுவனம் நடத்தும் பள்ளியைப் பற்றி.

ஸோகோ ஸ்கூல்ஸ் என்று இப்போது பெயர். 2005-இல் சென்னையில் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. பிறகு தென்காசிக்கும் வந்தது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பு. நிரல் எழுதுவது, கணக்கு, ஆங்கிலம் என்று தொடங்கி, பிற்பகுதியில் நிறுவனத்தின் உண்மையான குழுக்களோடு உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. பள்ளிதான் அவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது.

இந்தப் பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு பையன் படிப்பில் தேறவில்லை என்றால் உதவித்தொகை, ஆசிரியர் சம்பளம், இடம், மின்சாரம் எல்லாம் நிறுவனத்துக்கு நட்டம். ஆகவே எடுக்கும்போதே கவனமாக எடுக்கிறார்கள், எடுத்த பிள்ளையைக் கைவிடாமல் சொல்லித்தருகிறார்கள். தேறாதவரைத் தேறியவர் என்று கணக்குக் காட்டி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு அவர்கள் நாற்காலியில்தான் வந்து உட்காரப்போகிறது.

இதில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அந்த இரண்டு வருடம் என்ற கணக்கை. தன் சொந்தப் பணத்தைப் போட்டு, தானே வேலைக்கு எடுத்துக்கொள்ளப்போகும் பிள்ளைக்குச் சொல்லித்தரும் நிறுவனம், சீக்கிரம் முடித்தால் அதற்குத்தான் லாபம் என்ற நிலையிலும், இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறது. காலை முதல் மாலை வரை உட்கார்ந்து படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கே அந்தக் கால அளவு. அப்படியிருக்க, பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்காரும் ஆசிரியைக்கு ஆறு மாதம் போதும் என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எழுதிய பலருக்கு இந்தப் பள்ளிக் கதவு திறக்காது என்பதும் எனக்குத் தெரியும். அது பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த வயதுக்காரர்களுக்கானது. அதே நிறுவனம் 'மறுபடி' என்ற பெயரில் ஒரு பூட்கேம்ப் நடத்துகிறது. தொழில்நுட்ப வேலையில் இருந்து, கல்யாணம், பிள்ளைப்பேறு, வீட்டில் பெரியவர்களைக் கவனிப்பது என்று இடையில் வேலையை விட்ட பெண்களுக்கானது அது. மூன்று மாதம், கட்டணம் கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது அம்பையிலோ சங்கரன்கோவிலிலோ வீட்டில் இருக்கும் பெண்கள் இந்த அறிவிப்பைத் தவறவிடக் கூடாது. அந்த மூன்று மாதம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், வருகிறவர்களுக்கு அடிப்படை ஏற்கெனவே தெரியும் என்பதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தக் கணக்கைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மீதிப் பேருக்கு, அதாவது இருபத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் இருந்து, வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தர பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. அவர்கள் பணம் கட்டித்தான் படிக்கிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

இந்த நட்டக் கணக்கை நேர்செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு 2017-இல் அமெரிக்காவில் லாம்டா ஸ்கூல் என்று ஒரு நிறுவனம் வந்தது. இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் 17 சதவீதம் கொடுத்தால் போதும், நீ ஜெயித்தால்தான் நாங்கள் ஜெயிப்போம் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உலகமே புகழ்ந்தது, நம் நாட்டிலும் அதே பாணியில் சிலர் தொடங்கினார்கள். பிறகு அந்த நிறுவனம் புளூம்டெக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. அந்த ஆணையில் உள்ளவற்றைப் படித்தபோது எனக்கு நம் ஊர் விளம்பரங்கள்தான் நினைவுக்கு வந்தன. படித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்திருக்கிறார்கள். நிறுவனத்தின் உள் கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியும், சில பிரிவுகளில் 30 வரைக்கும் இறங்கியும் இருந்திருக்கிறது. இது கடனே இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது உண்மையில் கடன்தான், சராசரியாக 4,000 டாலர் நிதிச் செலவு அதில் ஒளிந்திருந்தது என்றது ஆணையம். மாணவர் ஜெயித்தால்தான் நாங்கள் ஜெயிப்போம் என்றவர்கள், அந்தக் கடன் பத்திரங்களில் பலவற்றை முதலீட்டாளர்களிடம் முன்கூட்டியே விற்றுக் காசாக்கியிருந்தார்கள். ஒரு பிரிவில் நூற்றுக்கு நூறு வேலை என்று அதன் தலைவர் பொதுவெளியில் எழுதினார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர் என்று பின்னர் தனிச் செய்தியில் ஒப்புக்கொண்டிருந்தார். மாணவர்களுக்குக் கடன் கொடுக்கும் தொழிலிலிருந்து அந்த நிறுவனத்துக்கு நிரந்தரத் தடையும், தலைவருக்குப் பத்து வருடத் தடையும் விதிக்கப்பட்டது.

அந்த 'நூற்றுக்கு நூறு' எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விளம்பரங்களை நீங்களே எடைபோட்டுவிடலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பேட்சில் 40 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். மீதி 28 பேரில் 8 பேர் வேலை தேடவில்லை, அல்லது தொலைபேசியை எடுக்கவில்லை என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எஞ்சிய 20 பேரில் 18 பேருக்கு வேலை. 90 சதவீதம்! அந்தப் 18-இல் 3 பேர் அதே நிறுவனத்தில் அடுத்த பேட்சுக்கு உதவி ஆசிரியர்கள், 4 பேர் வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில். சேர்ந்த நாற்பது பேரில் மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் 11 பேர். எந்தப் பொய்யும் சொல்லாமலே 11 பேரை 90 சதவீதம் ஆக்கிவிட முடியும். ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். போன வருடம் இன்ன மாதம் தொடங்கிய பேட்சில் முதல் நாள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த நிறுவனத்தோடு மேற்கொண்டு பேசலாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் தன்னிடம் வந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவர். வயது முப்பத்திரண்டு. "அண்ணாச்சி, நாளைக்குள்ள சேர்ந்தா இருபதாயிரம் குறையும்னு சொல்லுதாங்க. வேலைக்கு கேரண்டின்னும் சொல்லுதாங்க. ஆனா இதுல அந்த கேரண்டியக் காணோம், நீங்க ஒருக்கா பாருங்க" என்றார். காகிதத்தைக் கொண்டுவரத் தோன்றியதே பெரிய விஷயம். பலர் கைப்பேசித் திரையில் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இருவரும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். தொலைபேசியில் சொன்ன கேரண்டி, காகிதத்தில் 'வேலை தேட உதவி' என்று ஆகியிருந்தது. அந்த உதவிக்கும் நிபந்தனைகள்: வகுப்புகளில் 85 சதவீத வருகை, எல்லாத் தேர்வுகளிலும் குறிப்பிட்ட மதிப்பெண், நிறுவனம் காட்டும் எந்த ஊர் வேலையையும் ஏற்பது, இரண்டு நேர்காணலைத் தவறவிட்டால் உதவி ரத்து. இவருக்கு ஐந்து வயதில் பிள்ளை. கணவர் அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறார். எந்த ஊர் வேலையையும் என்ற அந்த ஒரு சொற்றொடரிலேயே இவருக்கு உதவி ரத்தாகிவிடும். வகுப்பு நேரலையா, பதிவுசெய்த காணொளியா என்பது எங்குமே இல்லை. ஆசிரியர் பெயர் இல்லை. கட்டணம் திரும்பக் கிடைக்க ஏழு நாள் என்று இருந்தது. முதல் வகுப்பு தொடங்குவதே பத்தாம் நாள்.

கடைசிப் பக்கங்கள் வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தன. தவணை என்று இவர் நினைத்தது, ஒரு நிதி நிறுவனத்திடம் இவர் வாங்கும் தனிநபர் கடன். 1,20,000 ரூபாய், 24 மாதம், மாதம் 5,000. கடன் தொகை இவர் கைக்கே வராமல் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். இரண்டாம் மாதமே படிப்புப் பிடிக்காமல் நின்றாலும், அந்த நிறுவனமே இழுத்து மூடப்பட்டாலும், ஐந்தாயிரம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். தவறினால் கடன் மதிப்பெண் கெடும். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் கல்விக் கடனுக்கோ வங்கிக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வட்டியில்லாத் தவணை என்பதும் அப்படியே நம்பத்தக்கதில்லை. வட்டி பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே கரைந்திருக்கும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு என்று கேட்டால் அது வெளியே வந்துவிடும்.

இந்தக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. டிஜிட்டல் கடனுக்கான அந்த விதிகளின்படி, எல்லாச் செலவையும் சேர்த்த வருடாந்திர விகிதத்தோடு ஒரு முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் முன்கூட்டியே தந்தாக வேண்டும். கடன் வாங்கிய பிறகும், குறுகிய கால அவகாசத்துக்குள் அசலையும் அந்தச் சில நாளுக்கான செலவையும் கொடுத்துவிட்டு அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தராதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை எந்தக் காரணம் சொன்னாலும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

சரி, இந்தப் பெண் என்ன செய்வது? கணிதம் படித்தவர், பொறுமையாகச் சொல்லித்தரத் தெரிந்தவர், வீட்டை விட்டுப் போக முடியாதவர். ஆசையை அணைப்பதற்காக அவரிடம் நான் பேசவில்லை. இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை ஒரு லட்சம் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவ்வளவு செலவில்லாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்றேன்.

சென்னை ஐஐடி 2020-இல் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இணையவழியில் தொடங்கியது. வயது வரம்பு இல்லை. ஜேஇஇ எழுத வேண்டாம். பிளஸ் டூ முடித்தவர் விண்ணப்பித்தால் நான்கு வாரப் பாடம் தருகிறார்கள். வாராவாரம் பயிற்சிக் கணக்குகளை முடித்து, பிறகு நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறினால்தான் சேர்க்கை. பட்டம் வரை போகாமல் சான்றிதழ், டிப்ளமோ என்று இடையிலேயே இறங்கிக்கொள்ளவும் வழி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அந்த நான்கு வாரத்தில் உங்களுக்கு உங்களைப் பற்றித் தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பிழையோடு மல்லுக்கட்டி, அது தீர்ந்ததும் தூக்கம் கலைந்து உற்சாகம் வருகிறதா, இல்லை, எப்போது முடியும் என்று இருக்கிறதா?

என்பிடெல் இணையப் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். தமிழில் வேண்டும் என்கிறவர்களுக்குக் கணியம் இருக்கிறது. 2012-இல் மின்னிதழாகத் தொடங்கி, லினக்ஸ், பைத்தான் என்று தமிழிலேயே எழுதிக்குவித்தவர்கள். பைத்தான் வகுப்பையும் தமிழில் இலவசமாக நடத்தியிருக்கிறார்கள். வேலை தேடும் 18 முதல் 35 வயதுக்காரர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் தொடங்கிய 'வெற்றி நிச்சயம்' திட்டத்தில் என்ன பயிற்சிகள் இருக்கின்றன என்பதை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் விசாரியுங்கள். பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகிற இடம் என்று அதை நினைத்துவிட்டோம். அங்கே மாதாமாதம் தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று நேரில் காதால் கேட்க அதைவிடச் செலவில்லாத இடம் இல்லை.

அடிப்படை கொஞ்சம் வந்ததும் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். அவருடைய அம்மா பீடி சுற்றுகிறவர். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் அந்த வேலைதான் எத்தனையோ வீட்டுக்கு அடுப்பெரிக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. தரமில்லை என்று தள்ளியவை போக, வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் போக, வாரக் கடைசியில் கைக்கு எவ்வளவு வர வேண்டும்? இதைச் சொல்லும் ஒரு சின்ன நிரலை அவரே எழுதிப் பார்க்கட்டும் என்றேன். முதலில் எளிதாகத் தோன்றும். பிறகு கேள்விகள் வரும். அம்மாவும் சித்தியும் ஒரே அட்டையில் கொடுத்தால்? கூலி இடையில் உயர்ந்தால் பழைய வாரக் கணக்கு மாறக் கூடாதே? போன வாரம் தள்ளிய பீடியை இந்த வாரம் கழித்தால்? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, எழுதி, தவறி, திருத்துவதுதான் மென்பொருள் வேலை. இதில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் அறிவு, பெங்களூரில் பிறந்து வளர்ந்த ஒரு பொறியாளருக்குக் கிடையாது. இத்தனை வருடம் பார்த்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுழியத்திலிருந்து தொடங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு ஆசிரியை பாடமென்பொருள் பக்கம் போகலாம், வசூலுக்குப் போனவர் நிதி மென்பொருளைச் சோதிக்கிற வேலைக்குப் போகலாம். நேர்காணலில், எல்லாரும் செய்து காட்டும் அதே மாதிரிப் புரோஜெக்டைவிட இந்தப் பீடிக் கணக்கைப் பற்றிப் பேசினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு, ஆசை இன்னும் கூடியிருந்தால், கேள்வி கேட்க ஓர் ஆசிரியரும் கூடப் படிக்க நாலு பேரும் இல்லாமல் நகர முடியவில்லை என்றால், அப்போது பணம் கட்டும் பயிற்சியைத் தேடலாம். அதில் தவறே இல்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் படிக்கும்போது மூன்று நாள் மாட்டிக்கொள்ளும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் இருந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்; பூட்கேம்ப் விற்க வேண்டிய உண்மையான சரக்கு அதுதான். ஆகவே, நான் எழுதும் நிரலைப் படித்துப் பார்த்து எது சரியில்லை என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரா, அவர் யார், அவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். முடித்தவர்களோடு பேசுவதைவிட, நடுவில் நின்றவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கட்டணத்தை மாதாமாதம் நேரடியாக நிறுவனத்திடமே கட்ட முடியுமா, நின்றால் மீதி கட்ட வேண்டாமா என்று கேளுங்கள். முடியும் என்கிறவர்கள் நட்டத்தில் தங்கள் பங்கையும் ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பொருள்.

ஏமாந்துவிட்டோம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு: 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் வாக்குறுதி தரக் கூடாது. ஜெயித்தவர் படத்தை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் போடக் கூடாது. கட்டணம் திருப்பித் தரும் விவரத்தை மறைக்கக் கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். அடுத்தது நுகர்வோர் ஆணையம். பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் விஷயத்தில் அது தலையிடத் தயங்கினாலும், பயிற்சி மையங்கள் அதன் வரம்புக்குள் வரும் என்று தேசிய ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. தொலைபேசியில் சொன்னதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இங்கே கை ஓங்கும்.

வேலைச் சந்தையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதல் அலையில் வந்த டெவ் பூட்கேம்ப் 2017-இலேயே மூடப்பட்டது. பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பூட்கேம்ப்கள் நடத்திவந்த 2யூ, 2024 கடைசியில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே டிசிஎஸ் 2025 ஜூலையில் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைப்பதாகச் சொன்னது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவந்த சில்லறை நிரல் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது நிமிடத்தில் செய்துவிடுகின்றன. ஆறு மாதம் ஒரு மொழியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவருக்கு இருந்த நாற்காலிகள் குறைந்துவிட்டன என்பதுதான் உண்மை நிலை. ஒரு துறையின் நெளிவு சுளிவு தெரிந்து, அதோடு நிரலும் தெரிந்தவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே மத்தளம்பாறை இருக்கிறது. கங்கைகொண்டானில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தூத்துக்குடியில் 2024 டிசம்பர் கடைசியில் நியோ டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள். சேருவதற்கு முன்னால், இந்த இடங்களில் இருக்கும் கம்பெனிகளின் ஆள்தேவை விளம்பரங்களை எடுத்து, நீங்கள் படிக்கப்போவதை அவற்றில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சிப் பெண் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் முடியவிருந்த சலுகையை ஒரு வாரம் கழித்து மறுபடியும் தந்தார்களாம். இந்த முறை முப்பதாயிரம் குறைத்து.

தொழில் மாறுவது என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்ற எண்ணம் எப்படி இவ்வளவு ஆழமாக விழுந்தது என்று தெரியவில்லை. அதே கங்கைகொண்டானில், டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். அங்கே தளத்தில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள், யார் சொல்லித்தந்தார்கள், கட்டணம் யார் கட்டினார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)